“நான் செய்யவில்லை” என்று சொன்னால் போதுமா?

தோழர்களே! பெண்ணொருத்திக்குக் கொடுமை நேர்ந்தது என்று செய்தி வந்தால், ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் என்னென்ன குரல் எழுகிறது? “ஐயோ, பாவம்!” என்பது ஒரு குரல். “அவனை நடுத்தெருவில் வைத்துச் சுட வேண்டும்!” என்பது இன்னொரு குரல். இரண்டும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதன் பிறகு மூன்றாவதாக ஒரு குரல் மெல்ல எழும். அதுதான் நிலைத்து நிற்கும். “எவனோ ஒருவன் செய்ததற்கு ஆண்கள் அத்தனை பேரையும் குறை கூறுவதா? நான் செய்யவில்லையே!” என்பதுதான் அந்தக் குரல்.

இந்தக் கேள்வியை எள்ளி நகையாடித் தள்ளிவிட முடியாது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு கூட்டத்தையே பழிப்பது அநீதி என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்பவர்கள் நாம். எவனோ திருடினான் என்பதற்காகக் குலத்தையே திருட்டுக் குலமென்று ஏட்டில் எழுதிவைத்து, பச்சைப் பிள்ளை பெற்றவன்கூட இரவானால் காவல் நிலையம் சென்று கைரேகை வைக்க வேண்டும் என்று வெள்ளையன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்துப் பார்த்த மண், இந்த இராமநாதபுரத்து மண். ஆகவே, “எல்லோரையும் ஏன் சொல்கிறாய்?” என்று கேட்பவனுக்கு நேரான விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த விடையை எங்கோ போய்த் தேட வேண்டாம். இராமேஸ்வரம் தீவிலேயே தேடுவோம்.

நான்காண்டுக்குள் மூன்று

2022 மே மாதம். வடகாடு கடற்கரை. கடற்பாசி எடுத்துக் குடும்பம் காத்த மீனவப் பெண்ணொருத்தி, காலையில் போனவள் வீடு திரும்பவில்லை. அவளைக் கொடுமைக்கு ஆளாக்கிக் கொன்றே போட்டிருந்தார்கள். ஊர் கொதித்தது, சாலையில் உட்கார்ந்தது. இறால் பண்ணைக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். உடனே ஒரு விடை கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது. “வெளியூரான் வந்ததால் வந்த வினை” என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

2024 டிசம்பர். அக்னி தீர்த்தக் கடற்கரை. எங்கிருந்தெல்லாமோ வந்த பெண்கள் கடலில் நீராடிவிட்டு, ஈரத்துணி மாற்ற ஒதுங்கும் இடம். அருகிலிருந்த தனியார் கடையொன்றின் உடைமாற்றும் அறையில், யார் கண்ணுக்கும் தெரியாமல் கேமரா பதித்திருந்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் அதைக் கண்டுபிடித்துக் காவல் நிலையம் போனார். கடை உரிமையாளரும் அங்கே வேலை செய்தவரும் கைதானார்கள். இப்போது “வெளியூரான்” என்ற விடை எங்கே போயிற்று? நம் ஊர்க் கடைத்தெரு அல்லவா அது? நம்மை நம்பி வந்தவளல்லவா அவள்?

2025 நவம்பர். சேராங்கோட்டை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாணவி, பள்ளிக்குப் போகிற வழியில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். காதலிக்க மறுத்தாள் என்பதுதான் அவள் செய்த குற்றமாம்! கைதானவன் இளைஞன்.

மூன்று வழக்குகள். பேசும் மொழி வேறு, ஊர் வேறு, தொழில் வேறு, வயது வேறு. வழக்குகளின் முடிவை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். யாரைத் தண்டிப்பது என்பது நம் வேலையல்ல. ஆனால் மூன்றையும் ஒரு சேர வைத்துப் பார்க்கிற அறிவு நமக்கு வேண்டாமா? ஒருமுறை வெளியூரானைக் காட்டினோம். மறுமுறை பேராசைக் கடையைக் காட்டினோம். இன்னொருமுறை புத்தி கெட்ட பையனைக் காட்டினோம். விரல் நீண்டுகொண்டே போகிறது. நம் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை!

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

குற்றம், செய்தவனுடையது. அதில் ஐயமே இல்லை. செய்யாதவனைக் குற்றவாளி என்பது அறிவீனம். ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது குற்றத்தோடு முடிவதில்லை.

கடல் தொழில் செய்யும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. இராமேஸ்வரத்துப் படகொன்றை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் என்ன செய்கிறோம்? “பிடிபட்டது என் படகல்லவே, என் வலையல்லவே” என்று மறுநாள் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்கா போகிறோம்? வேலைநிறுத்தம் என்கிறோம். ஜெட்டியில் படகுகள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கப்பட்டவன் எவனாயினும், இது நம் எல்லோர் தலையிலும் விழுந்த அடி என்கிறோம். நடுக்கடலில் ஒரு படகு கவிழ்ந்தது தெரிந்தால், அந்தப் பக்கம் போகிற படகு வலையை விட்டுவிட்டு ஓடுகிறது. “நான் கவிழ்க்கவில்லையே” என்று ஒருவனாவது சொன்னதுண்டா? சொன்னவனைக் கரை ஏற்றுக்கொள்ளுமா?

கடலில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நெஞ்சு, கரையேறியதும் ஏன் குழம்பிப்போகிறது? அடிபட்டவள் பெண் என்றவுடன், “நான் செய்யவில்லையே” என்பது ஏன் முதல் சொல்லாக வருகிறது?

கிடைக்கிற ஆதாயம்

காரணம் இருக்கிறது. கசப்பான காரணம்தான், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு காலத்தில் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. ஒழித்தோம் என்று சொன்ன பிறகும் பல ஊர்களில் ஒளிந்து வாழ்ந்தது. அந்தக் கடையில் கண்ணாடிக் குவளையில் தேநீர் குடித்தவன் எல்லோரும் கொடியவர்களா? இல்லை. பெரும்பாலோர் யாரையும் அடித்ததில்லை, ஏசியதுமில்லை. பேப்பரைப் படித்தபடி தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக் குவளை அவர்கள் கையில் இருந்ததே! அது அவர்களுக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், சிரட்டையும் தகரக் குவளையும் இன்னொருவனுக்குக் கிடைத்ததுதான். அநியாயத்தைச் செய்யாமலே அநியாயத்தின் ஆதாயத்தை அனுபவிக்க முடியும் என்பதை அந்தக் குவளையே காட்டிக் கொடுத்தது.

இப்போது சொல்லுங்கள்: இரவு பத்து மணிக்கு இராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, கை வீசி வீட்டுக்கு நடந்து போகிறோமே, அந்தச் சுதந்திரம் யாருக்கு? தேநீர்க் கடைப் பலகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாட்டு நடப்பைப் பேசுகிறோமே, அந்த நேரத்தில் உலையை யார் பார்க்கிறார்கள்? கடற்கரையில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளித்தெழுந்து, அங்கேயே துணி மாற்றிக்கொள்கிறோமே, நம்மில் ஒருவனாவது அறையின் சுவரைத் தட்டிப் பார்த்ததுண்டா? தட்டிப் பார்க்க வேண்டியவள் பெண். பயப்பட வேண்டியவள் பெண். எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குள் திரும்புவது, யாரிடம் சிரிப்பது, யாரிடம் சிரிக்காதிருப்பது என்று நாள் முழுதும் கணக்குப் போட வேண்டியவள் பெண். குற்றவாளி சிலனாக இருக்கலாம். அந்தச் சிலன் உண்டாக்கிய பயத்தால் காலியாகிற இடமெல்லாம் நம் எல்லோருக்கும் வந்து சேருகிறது.

“நானே முதலாளியிடம் மிதிபடுகிறேன். எனக்கு ஏது ஆதாயம், ஏது அதிகாரம்?” என்று தொழிலாளித் தோழர் கேட்கலாம். உண்மைதான். வெளியே உங்கள் முதுகில் ஏறுகிறவன் இருக்கிறான். ஆனால் அந்தப் பாரத்தை வீட்டில் யார் முதுகில் இறக்கி வைக்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகு கரையில் கிடக்கிறது. பங்கு இல்லை, பணம் இல்லை. அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் உலை கொதிப்பது பெண்ணின் உழைப்பில்! கருவாடு காயவைப்பவள் அவள், பனையோலை பின்னுபவள் அவள், சங்கு சிப்பி கோத்து யாத்திரிகருக்கு விற்பவள் அவள். கணவன் இலங்கைச் சிறையில் இருந்தால் மனுவைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குபவளும் அவள்தான். அவள் கையில் காசு வாங்குகிறோம், வீட்டில் முடிவெடுக்கும்போது மட்டும் “பொம்பளைக்கு என்ன தெரியும்?” என்கிறோம். இதற்குப் பெயர் என்ன தோழரே? முதலாளி செய்தால் சுரண்டல் என்கிறோமே, நாம் செய்தால் குடும்ப வழக்கமா?

“பெண்ணுக்குப் பெண்ணே எதிரி, மாமியார் கொடுமை தெரியாதா?” என்பாரும் உண்டு. தெரியும். கங்காணியும் கூலிக்காரனாக இருந்தவன்தான். அவன் சாட்டை வீசினான் என்பதற்காகத் தோட்டத்து முதலாளியை யாரும் விட்டுவிடவில்லை.

பாசிப் பெண்கள் சொல்லும் பாடம்

பொறுப்பு என்றால் என்ன என்று புத்தகத்தில் தேட வேண்டாம். மன்னார் வளைகுடாவில் முக்குளித்துப் பாசி எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் எடுத்து வரும் பாசிதான், அகர் முதலிய பொருளாகி ஆலைகளுக்கும் மருந்துக் கூடங்களுக்கும் போகிறது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்குகிறார்கள். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கின்றன. இந்தக் கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா என்று அரசு அறிவித்தது. பின்னர் காவல் இறுகியது. தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்கள் தம் கடலிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? உரிமைக்குப் போராடினார்கள்; அது ஒன்று. அதைவிடப் பெரிது இன்னொன்று. கூடிப் பேசினார்கள். பாசி குறைகிறதா? குறைகிறது. “நான் ஒரு கைப்பிடிதானே எடுத்தேன், என்னால் குறையவில்லை” என்று ஒருத்தி சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. எந்த ஒருத்தியாலும் கடல் வறண்டுவிடவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து எடுத்ததால் குறைந்தது. ஆகவே எல்லோரும் சேர்ந்து கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்பு கொண்டு சுரண்டாமல் கையால் மட்டுமே எடுப்பது, பாசி வளர இடைவெளி விடுவது. அன்றாடக் கூலியை நம்பிய ஏழைப் பெண்கள், தம் வயிற்றில் தாமே ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள். இந்தப் பெண்களின் தலைவியாக விளங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது.

ஆண்களே, எண்ணிப் பாருங்கள்! எழுத்தறிவு குறைந்த அந்தப் பெண்கள், “நான் செய்யவில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. “நம்மால் ஆயிற்று, நாமே சரி செய்வோம்” என்றார்கள். வடகாட்டில் உயிரிழந்தவளும் இதே தொழிலைச் செய்தவள்தான். அவர்கள் கடலுக்குக் காட்டிய பொறுப்பை, நாம் அவர்களுக்குக் கரையில் காட்டவில்லை.

நல்லவர்களின் அறுபது ஆண்டு

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு இருப்பது போலப் பெண்ணுக்கும் சொத்தில் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். இந்தியா முழுமைக்கும் வந்தது 2005-இல். தீர்மானத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் இடையே 60 ஆண்டுகள்!

அந்த அறுபது ஆண்டுகளில் இந்த நாட்டில் நல்ல தகப்பன்மார் இல்லையா? மகளைக் கண்ணில் வைத்துக் காத்தவர்கள் இல்லையா? இலட்சக் கணக்கில் இருந்தார்கள். வளையல் வாங்கிக் கொடுத்தார்கள், சீர் செய்தார்கள், வழியனுப்பும்போது அழுதார்கள். பங்கு மட்டும் கொடுக்கவில்லை. அறுபதாண்டு தாமதத்தைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். வாய் திறவாத நல்லவர்கள்!

சட்டம் வந்த பிறகாவது தீர்ந்ததா? பத்திரப் பதிவு அலுவலக வாசலில் ஒரு நாள் நின்று பாருங்கள். அக்காளும் தங்கையும் வந்து, அண்ணன் பெயருக்கு ‘விடுதலைப் பத்திரம்’ எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். “உடன்பிறப்பு அறுந்துவிடும், தாய் வீட்டு வாசல் அடைபடும்” என்ற பயம் கையெழுத்துப் போட வைக்கிறது. அந்த அண்ணன் கெட்டவனா? இல்லை, தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறவன்தான்! பெண்ணுக்குக் கிடைத்த உரிமையை அவள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு விடுதலை என்று பெயரும் வைத்தோமே, இந்தத் துணிச்சலை என்னென்பது!

மேடையும் வீடும்

இயக்கத் தோழர்களுக்கு ஒரு சொல். மேடையில் ஏறினால் “தாய்க்குலமே!” என்று தொடங்குகிறோம். கூட்டம் முடிந்து வீடு போனால், அந்தத் தாய்க்குலம் தூக்கத்திலிருந்து எழுந்து சோறு போட வேண்டும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வந்து என்ன? எத்தனை ஊர்களில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவரின் நாற்காலி கிடக்கிறது! கையெழுத்து அம்மாளுடையது, கட்டளை ஐயாவுடையது. இதைச் செய்பவர்கள் எதிர்க்கட்சிக்காரர் மட்டும்தானா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்.

இன்னொன்று, அக்னி தீர்த்தத்துச் செய்தியோடு சேர்ந்தது. திருட்டுத்தனமாகப் படம் எடுக்கிறவன் எதற்காக எடுக்கிறான்? பார்க்கிறவன் இருக்கிறான் என்ற தைரியத்தில் எடுக்கிறான். திருட்டு மீனை வாங்க ஆளில்லை என்றால் திருடன் வலையை அறுப்பானா? படகு கட்டிக்கொண்டிருக்கும்போதும், ஆட்டோ நிறுத்தத்திலும், “இதைப் பாரடா” என்று ஒருவன் கைப்பேசியை நீட்டுகிறான். வாங்கிப் பார்க்கிறோம், சிரிக்கிறோம், இன்னொருவனுக்கு அனுப்புகிறோம். பிறகு செய்தித்தாளில் கேமரா செய்தி வந்ததும், “சே, என்ன மனிதன்!” என்கிறோம். அந்தப் படத்தில் இருந்தவள் எந்த ஊர்க்காரி, யார் வீட்டுப் பெண், சம்மதித்தாளா என்று ஒருநாளாவது கேட்டோமா? எடுத்தவன் கை ஒன்று. பார்த்த கண் ஆயிரம்.

இனிச் செய்ய வேண்டுவது

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம் என்று 2013-இல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 77-ஆவது பிரிவு. முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை, மறுமுறை செய்தால் ஏழாண்டு வரை. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. தண்டனை கூடட்டும். ஆனால் தண்டனை, நடந்த பிறகு வருவது. நடக்காமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

ஒன்று: கோயிலில் 22 தீர்த்தமாடிய பிறகு ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி போட்டவர்களுக்கு, பெண்கள் துணி மாற்றப் பத்திரமான, கட்டணமில்லாத, போதுமான இடம் கொடுக்கும் கடமையும் இருக்கிறது. அதைப் பெண் ஊழியர்களே நடத்த வேண்டும். இதைக் கோயிலிடமும் நகராட்சியிடமும் கேட்டு நிற்க வேண்டியவர்கள் பெண்கள் மட்டுமல்லர், இந்தத் தீவில் யாத்திரிகரை நம்பிப் பிழைக்கும் ஆண்கள் அத்தனை பேரும்.

இரண்டு: பாசி எடுக்கப் போகும் பெண்கள் தனித்துத் திரும்ப வேண்டிய கரையோரத்தில் விளக்கும் ரோந்தும் வேண்டும். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். சங்கம் இல்லாத கூலிப் பெண்ணும் அங்கே முறையிடலாம். இதைக் கரையில் எத்தனை பேர் அறிவார்கள்? 181 என்ற உதவி எண்ணை ஒவ்வொரு ஜெட்டியிலும், ஐஸ் கம்பெனியிலும், கருவாட்டுக் கொட்டகையிலும் எழுதி வைப்பது ஒரு கிளைக்கு ஒரு நாள் வேலை.

மூன்று: பையன்களிடம் பேசுவது. காதல் மறுக்கப்பட்டால் அது அவமானமல்ல, ஒரு மனுஷியின் முடிவு என்று சேராங்கோட்டைப் பையனுக்கு எந்த ஆண் சொல்லிக் கொடுத்தான்? தகப்பன் சொன்னானா? ஆசிரியர் சொன்னாரா? ரசிகர் மன்றம் சொன்னதா? “விடாதே, பின்னாலேயே போ, மசிந்துவிடுவாள்” என்று சொல்லிக் கொடுக்க மட்டும் ஊரெல்லாம் அண்ணன்மார் இருக்கிறார்கள். மகளுக்கு “நேரத்தோடு வா” என்று ஆயிரம் முறை சொல்கிற வீடு, மகனுக்கு “ஒருத்தி வேண்டாமென்றால் விலகிப் போ” என்று ஒரே ஒரு முறை சொல்லட்டும்.

நான்கு: நண்பனைத் தடுப்பது. இதுதான் கடினம். காவலரிடம் போவதுகூட எளிது; கூடப் படகில் வருகிறவன் பெண்ணை இழிவாகப் பேசும்போது, “நிறுத்து” என்று சொல்வது எளிதல்ல. சிரிப்பார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். வைக்கட்டும். இரட்டைக் குவளைக் கடையில், “எனக்கும் அந்தத் தகரக் குவளையிலேயே கொடு” என்று முதலில் கேட்டவனையும் சிரித்தார்கள். அவன் கேட்ட பிறகுதான் கடைக்காரன் தலை குனிந்தான்.

தோழர்களே! எல்லா ஆண்களும் குற்றவாளிகள் என்று யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. குற்றவாளி அல்லாத ஆண்கள்தான் மிகப் பெரும்பாலோர் என்பதே நம் வாதத்தின் அடிப்படை. அவ்வளவு பேர் இருந்தும், ஒரு பெண் நாலு சுவருக்குள் துணி மாற்ற அஞ்ச வேண்டியிருக்கிறது என்றால், அந்த எண்ணிக்கையால் என்ன பயன்? “நான் செய்யவில்லை” என்பது நீதிமன்றத்தில் போதுமான விடை. ஊரில் அது போதாது. ஊர் கேட்கிற கேள்வி வேறு: “நீ செய்யவில்லை, சரி. நீ என்ன செய்தாய்?”